சேற்றில் பிறந்த பாவை

நுழையும்முன்

வெள்ளமும் புயலும் வீடுகளை மட்டும் சிதைப்பதில்லை. உழைத்து உண்ணும் மனிதரை ஒரே நாளில் கைநீட்டிப் பெறுபவராக மாற்றிவிடுகின்றன. துயருற்றோருக்கு உதவும்போது அவர்தம் தன்மதிப்பையும் சேர்த்துக் காக்க இயலுமா? பயன்படாதெனத் தள்ளப்பட்ட துணியிலிருந்து இவ்வினாவுக்கு விடை கண்ட இரு முயற்சிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

சாலையோரத்தில் கிடந்த துணிகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராத் தீவுக்கு அருகே நேர்ந்த கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று காலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

செய்தி பரவியதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நிவாரணப் பொருள்களைச் சுமந்த சரக்குந்துகள் கடற்கரை ஊர்களை நோக்கி விரைந்தன. அரிசி, மருந்து, பாய், பாத்திரம் ஆகியவற்றோடு மூட்டை மூட்டையாகப் பழந்துணிகளும் வந்து இறங்கின. ஆயின், அத்துணிகளுள் பெரும்பகுதி எவராலும் எடுக்கப்படாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. வெயிலும் மழையும் பட்டு வீணாயிற்று. உடுத்த மாற்றுத்துணி இல்லாத மக்கள், வந்த துணியை ஏன் ஏற்கவில்லை?

காரணம் எளியது. அனுப்பியவர்கள் தம் வீட்டில் எது மிகுதியாக இருந்தது என்று பார்த்தார்களே அன்றி, பெறுபவருக்கு எது தேவை என்று கேட்கவில்லை. கிழிந்தவையும் அளவு பொருந்தாதவையும் அவ்வூர் மக்கள் உடுத்தும் வழக்கம் இல்லாதவையும் அம்மூட்டைகளில் கலந்திருந்தன. முந்தைய நாள்வரை கடலில் வலைவீசித் தம் உழைப்பால் வாழ்ந்தவர்கள், பிறர் உடுத்துக் கழித்ததை உடுத்த மனம் ஒப்பவில்லை. அனுப்பியோரின் இரக்கம் உண்மையானதுதான். ஆனால் அது பெறுவோரைத் தலைகுனிய வைத்தது.

ஈகையும் ஒப்புரவும்

நம் மரபு இந்த நுட்பத்தை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறது. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன. இரண்டும் பிறர்க்கு உதவுவதைப் பற்றியனவே எனினும் ஒன்றல்ல. இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. உலக நடையை அறிந்து, ஊரோடு ஒன்றி, ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவராய் உதவி வாழ்வது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். ஒப்புரவிலோ இன்று பெறுபவர் நாளை கொடுப்பவராகலாம்; பெறும் அந்நேரத்திலேயே தாமும் ஒன்றைத் தருபவராகவும் இருக்கலாம்.

பேரிடர் நேர்ந்த முதல் சில நாள்களில் ஈகை இன்றியமையாதது. பசித்தவருக்கு உணவும் நனைந்தவருக்கு உடையும் உடனே வேண்டும். அந்நாள்கள் கடந்தபின் வேண்டுவது ஒப்புரவு. அது எவ்வாறு செயற்படும் என்பதை ஒரு சிறு துணிப்பாவை நமக்குக் காட்டுகிறது.

சுனாமிகா

ஆழிப்பேரலைக்குப் பின் பல மீனவப் பெண்கள் கடலைக் கண்டு அஞ்சினர். உறவுகளை இழந்த துயரம் ஒருபுறம். மீன் வாங்கி விற்கும் தொழில் நின்றுபோனதால் வந்த வெறுமை மறுபுறம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, சுற்றுப்புற மீனவ ஊர்களின் பெண்களுக்கு ஏதேனும் கைவேலை கற்பிக்க விரும்பினார். ஆடை தைக்கும் இடங்களில் வெட்டியபின் எஞ்சும் சிறு துண்டுத்துணிகள் அதற்கு மூலப்பொருளாயின. 2005ஆம் ஆண்டில் அத்துண்டுகளிலிருந்து விரலளவே உள்ள சிறு பாவை பிறந்தது. அதற்குச் ‘சுனாமிகா’ என்று பெயரிட்டனர். ஊரை அழித்த அலையின் பெயரையே ஒரு குழந்தையின் பெயராக மாற்றிக்கொண்டனர்.

சுனாமிகாவுக்கு விலை கிடையாது. அது பரிசாகவே வழங்கப்பட்டது. பெற்றவர்கள் விரும்பினால் நன்கொடை அளித்தனர். அந்நன்கொடையிலிருந்து பாவை செய்த பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. மேலும் பாவைகள் செய்யவும் வழி பிறந்தது. பல நாடுகளுக்கு இலட்சக்கணக்கான பாவைகள் சென்றன. அப்பாவையின் கதை நூலாகவும் வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். சாலையோரத்தில் கிடந்ததும் பிறருக்குப் பயன்படாத துணி. சுனாமிகாவானதும் பிறருக்குப் பயன்படாத துணி. முன்னதில் துயருற்றவர் வெறுமனே பெறுபவர். பின்னதில் அவரே ஆக்குபவர். உலகெங்கும் உள்ளவர்களுக்குப் பரிசளிப்பவராக அப்பெண்கள் மாறினர். கூடியமர்ந்து தைத்த பொழுதுகளில் பேச இயலாதிருந்த துயரைப் பேசவும் வாய்த்தது.

மீண்டும் ஒரு வெள்ளம்

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தில் இடைவிடாத பெருமழை பெய்தது. அணைகள் நிரம்பி ஒருசேரத் திறக்கப்பட்டன. 1924ஆம் ஆண்டுக்குப் பின் அம்மாநிலம் கண்ட மிகப் பெரிய வெள்ளம் அது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்கினர்.

அப்போது அரசின் மீட்புப் படையினரோடு மீனவர்களும் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். பல்லாயிரக்கணக்கானோரை மீட்டனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அடிபட்ட கொல்லம் மாவட்டக் கடற்கரையிலிருந்தும் படகுகள் சென்றன. அன்று உதவி பெற்ற மக்கள் இன்று உதவி செய்தனர். ஒப்புரவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வெள்ளம் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று சேந்தமங்கலம். இது நம் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் அன்று. எறணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றின் கிளைகளும் உப்பங்கழிகளும் சூழ அமைந்த பழைய ஊர். கொச்சி மன்னர்களின் தலைமை அமைச்சர்களாக விளங்கிய பாலியத்து அச்சன்மாரின் அரண்மனை அங்கு உள்ளது. பாலியம் குடும்பத்தாரின் ஆதரவில் தேவாங்கச் செட்டியார்கள் அங்கு நெசவை வளர்த்தனர் என்பது ஊர் மரபு. பின்னாளில் பல சமூகத்தவரும் அத்தொழிலைக் கற்றனர். கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நெய்துவரும் இன்றைய நெசவாளர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

தறியும் வெள்ளமும்

ஒரு கைத்தறித் துணி உருவாவதற்குப் பல கைகள் உழைக்க வேண்டும். நூலை அலசி, கஞ்சியிட்டு, உலர்த்தி, பாவு ஓட்டி, ஒவ்வோர் இழையையும் விழுதிலும் பண்ணையிலும் கோத்த பின்னரே நெசவு தொடங்கும். நீளவாக்கில் செல்லும் பாவின் ஊடே நாடாவின் வழியாக ஊடை குறுக்கே ஓடும். கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேலை. சேந்தமங்கலத் துணியின் அழகு அதன் எளிமையில் உள்ளது. வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள் நிறம், ஓரத்தில் புளியிலை அகலத்தில் ஓடும் மெல்லிய கரை. இவையே அதன் அடையாளங்கள்.

கேரளத்தில் கைத்தறித் துணி மிகுதியாக விற்பனையாவது ஓணத் திருநாளை ஒட்டித்தான். அதனை எண்ணியே சங்கங்கள் பல மாதங்களாக நெய்து துணிகளை அடுக்கிவைத்திருந்தன. 2018ஆம் ஆண்டில் திருவோணம் ஆகஸ்டு 25ஆம் நாள் வந்தது. அதற்குப் பத்து நாள்களுக்கு முன் வெள்ளம் வந்துவிட்டது. கரிம்பாடம் கைத்தறிச் சங்கத்தில் மட்டும் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள துணிகள் சேற்றில் ஊறின. தறிகள் பழுதுபட்டன, நூலும் பாவும் கெட்டன. ஆண்டின் உழைப்பு விற்பனைக்குச் செல்லவேண்டிய வாரத்தில் நீரில் மூழ்கிற்று.

வெள்ளம் வடிந்தபின் அத்துணிகளை எடுத்துப் பார்த்தனர். இளமஞ்சள் துணியில் படிந்த சேற்றுக்கறை, துவைத்தும் முற்றாக நீங்கவில்லை. கறைபட்ட சேலையைத் திருநாளுக்கு யார் வாங்குவர்? அவற்றை எரித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றே சங்கத்தினர் கருதினர்.

சேக்குட்டி

அந்நிலையில் அங்கு வந்தவர்கள் வடிவமைப்பாளர் இலட்சுமி மேனனும் பொறுப்புச் சுற்றுலாத் துறையில் பணியாற்றிவந்த கோபிநாத் பாறையிலும் ஆவர். எரிப்பதற்கு ஒதுக்கப்பட்ட சேலைகளிலிருந்து சிறு பாவைகள் செய்யலாம் என்னும் எண்ணத்தை அவர்கள் முன்வைத்தனர். அப்பாவைக்குச் ‘சேக்குட்டி’ என்று பெயர் அமைந்தது. தமிழில் சேறு என்பதை மலையாளத்தில் சேறு என்றே வழங்குவர். குட்டி என்பது குழந்தை. சேற்றினின்று மீண்டு வந்த குழந்தை என்பது பெயரின் பொருள். சேந்தமங்கலத்தின் குழந்தை என்றும் அதற்குப் பொருள் உரைப்பர்.

செய்முறை எளிமையானது. வெள்ளநீரில் கழிவும் நோய்க்கிருமிகளும் கலந்திருக்கும் ஆதலால், முதலில் துணிகள் குளோரின் கலந்த நீரிலும் கொதிநீரிலும் தூய்மை செய்யப்பட்டன. பிறகு அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, சுருட்டி, நூலால் கட்டித் தலையும் உடலுமாக்கினர். கண்களை வரைந்து முகம் தந்தனர். தையல் எந்திரமோ நீண்ட பயிற்சியோ இதற்குத் தேவையில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர், அலுவலகப் பணியாளர், வெளிநாடுகளில் வாழும் மலையாளிகள் எனப் பலரும் கூடியமர்ந்து ஊதியமின்றிப் பாவைகள் செய்து தந்தனர்.

ஒரு சேலையின் கணக்கு

இம்முயற்சி வெறும் உணர்ச்சியால் மட்டும் நடந்ததன்று. அதன் பின்னால் தெளிவான கணக்கும் இருந்தது. வெள்ளத்துக்கு முன் ஒரு சேலையின் விலை 1,300 ரூபாய் முதல் 1,500 ரூபாய் வரை. கறைபட்டபின் அதன் மதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சேலையிலிருந்து 360 பாவைகள் செய்யலாம். பாவை ஒன்றின் விலை 25 ரூபாய் எனில், ஒரு சேலையிலிருந்து 9,000 ரூபாய் கிடைக்கிறது. இது சேலையின் முதல் விலையைப்போல் ஆறு மடங்கு. செய்பவர்களின் உழைப்பு கொடையாக வந்தமையால், திரண்ட பணத்தை நெசவாளர்களின் மறுவாழ்வுக்குத் தர இயன்றது.

இக்கணக்கு நமக்கு இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, பெரும் இழப்பைச் சிறு பங்குகளாகப் பகிர்ந்துகொண்டால் சுமை இலேசாகிறது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கறைபட்ட சேலையை வாங்க ஒருவர் தயங்குவார். இருபத்தைந்து ரூபாய் கொடுத்து அதில் ஒரு துண்டை ஏற்க 360 பேர் தயங்கமாட்டார்கள். இரண்டாவது, பணம் இல்லாதவரும் இதில் பங்குகொள்ளலாம். பணம் உள்ளவர் வாங்கினர். நேரம் உள்ளவர் செய்தனர். ஒரு பள்ளி மாணவியின் ஒரு மணி நேரம்கூட ஒரு நெசவாளியின் தறிக்கு உதவிற்று.

கறையே அடையாளம்

சேக்குட்டியின் மற்றொரு சிறப்பு, அது தன் கறையை மறைக்கவில்லை என்பதாகும். தூய்மை செய்தபின்னும் எஞ்சிய பழுப்புத் திட்டுகள் பாவையின் உடலில் அப்படியே இருந்தன. கடைப்பொருளில் கறை ஒரு குறை. சேக்குட்டியில் அதுவே வரலாறு. கைப்பையில் அதனைத் தொங்கவிட்டவர்களை ‘இது என்ன?’ என்று பிறர் கேட்டிருப்பர். விடைசொல்லும்போது சேந்தமங்கலத்தின் பெயரும் சேர்ந்து பரவியது. வெள்ளத்திற்கு முன் அவ்வூர்த் துணியை அறியாத பலர் அதன்பின் அறிந்தனர். விளம்பரத்துக்குப் பணமில்லாத சங்கங்களுக்கு இது கிடைத்தற்கரிய பயன்.

தெரிந்து தெளிவோம்

ஓர் ஊரின் மண்ணாலும் மரபாலும் தனித்தன்மை பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. சேந்தமங்கலத்தின் வேட்டிகளும் செட்டு முண்டுகளும் அக்குறியீட்டைப் பெற்றவை. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் முதலியன அதனைப் பெற்றுள்ளன. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக, 2015ஆம் ஆண்டு முதல் அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பாவையால் இயலாதது

ஒரு முயற்சியைப் போற்றுகையில் அதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். சேக்குட்டி, கெட்டுப்போன துணிக்கு மதிப்பைத் தந்தது. ஆனால் பாவையால் மட்டும் தறி ஓடாது. பழுதான தறியைச் செப்பனிடத் தச்சர் வேண்டும். புதிய நூலும் பாவும் வேண்டும். வேலையில்லாத மாதங்களுக்கு வருவாய் வேண்டும். இவற்றுக்கு அரசின் உதவியும் பிற தன்னார்வலர்களின் துணையும் தேவைப்பட்டன.

மேலும், பேரிடரின்போது எழும் இரக்கம் நெடுநாள் நீடிப்பதில்லை. செய்தித்தாளின் முதற்பக்கத்திலிருந்து வெள்ளம் நீங்கியதும் மக்களின் நினைவிலிருந்தும் நீங்குகிறது. ஒருமுறை பாவை வாங்கியவர், அடுத்த ஆண்டு அந்நெசவாளி நெய்த சேலையை வாங்குவாரா என்பதே மெய்யான வினா. நெசவாளிக்கு இறுதியில் வேண்டுவது இரக்கமன்று. தம் துணிக்கு உரிய விலையும் அதனை விரும்பி உடுத்துவோரும்தாம். பாவை ஒரு தொடக்கம். அதன் முடிவு தறியில்தான் இருக்கிறது.

நாம் செய்யும்போது

புயலும் வெள்ளமும் தமிழ்நாட்டுக்குப் புதியன அல்ல. நம் பள்ளியோ ஊரோ நிதி திரட்ட முனையும் காலம் வரலாம். மேற்கண்ட இரு முயற்சிகளிலிருந்தும் அப்போது கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு.

முதலாவது, துயருற்றவரைக் கேட்டறிதல். நமக்கு எது எளிது என்பதன்று, அவருக்கு எது தேவை என்பதே தொடக்கமாக வேண்டும். இரண்டாவது, அருகில் உள்ளதைப் பயன்படுத்துதல். சுனாமிகாவுக்கு வெட்டி எஞ்சிய துண்டுத்துணியும், சேக்குட்டிக்குச் சேறுபட்ட சேலையும் போதுமானவையாக இருந்தன. மூன்றாவது, செய்முறையை எளிதாக்குதல். பலரும் செய்யக்கூடிய வேலைதான் பலரையும் இணைக்கும். நான்காவது, கணக்கைத் திறந்து வைத்தல். ஒரு பாவைக்குக் கொடுத்த பணம் யாரிடம் சென்றது, எதற்குச் செலவாயிற்று என்பதை வாங்கியவர் அறிய வேண்டும். நம்பிக்கை ஒருமுறை கெட்டால், அடுத்த பேரிடரில் நீட்டப்படும் உண்டியலில் காசு விழாது.

நிறைவாக

நாகப்பட்டினத்தின் சாலையோரத்தில் கிடந்த துணியும், சேந்தமங்கலத்தில் சேறுபட்ட துணியும் நூலிழைகளால் ஆனவையே. ஒன்று குப்பையாயிற்று, மற்றொன்று பாவையாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றது பணமன்று. துயருற்றவரை நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பதே. இரங்கத்தக்கவராக மட்டும் நோக்கினால், கழித்ததைக் கொடுத்துவிட்டு அகன்றுவிடுவோம். நம்மைப்போல் உழைக்கும் கைகளை உடையவராக நோக்கினால், அக்கைகள் மீண்டும் வேலை செய்ய என்ன வேண்டும் என்று கேட்போம்.

தறியில் பாவு நீளவாக்கிலும் ஊடை குறுக்கேயும் செல்கின்றன. தனித்தனியே இழுத்தால் இரண்டும் எளிதில் அறுபடும் நூல்கள். ஒன்றையொன்று தாங்கும்போதுதான் துணியாகின்றன. ஊரும் அவ்வாறே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நெசவாளர் ஒருவரைச் சந்தித்து, பாவு ஓட்டுவது முதல் துணி விற்பனையாவது வரையிலான நிலைகளைக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

2. பேரிடர்க் காலத்தில் பழந்துணி அனுப்புவது சரியா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் வீட்டில் உள்ள துண்டுத்துணிகளைக் கொண்டு பாவை ஒன்றைச் செய்து, அதன் கதையை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. திருக்குறளின் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ ஆகிய இரு அதிகாரங்களையும் படித்து, அவற்றுக்கு இடையிலான வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.